தலைமையை இருவர் பகிரும்போது சறுக்கும் இடங்கள்

2010 ஜனவரி முதலாம் திகதி பெ. சந்திரசேகரன் காலமானபோது மலையக மக்கள் முன்னணி தன் நிறுவனரை இழந்தது. 2020 மே மாதம் ஆறுமுகன் தொண்டமான் போனபோது ஓர் அமைச்சுப் பதவியும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) தலைமையும் ஒரே நாளில் காலியாயின. கட்சி, தொழிற்சங்கம், குடும்பப் பெயர் எல்லாம் ஒரே தலையில் இருக்கும் மலையகத்தில், தலைமையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பெரும்பாலும் மாநாட்டுக்கு முதல் நாள் இரவு, இரண்டு அணியையும் சமாளிப்பதற்காக அது முடிவாகிறது. பதவிப் பெயரைப் பங்கு போட்டுவிட்டு வேலையைப் பங்கு போடாமல் விட்டுவிடுகிறோம்.

அதில் பெரிய தவறு, கையெழுத்து யாருடையது என்பதைப் பேசாமல் விடுவது. இலங்கைத் தேர்தல் சட்டத்தில் கட்சித் தலைவரைவிடச் செயலாளருக்குத்தான் கனம் அதிகம். வேட்புமனுவைக் கையளிப்பவர் செயலாளர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த முகவர். தேசியப் பட்டியலில் இடம் காலியானால் பெயர் அனுப்புவதும் அவர்தான். ஆகவே இரண்டு பேரை இணைத் தலைவர்களாக்கிவிட்டு, செயலாளர் பதவியை ஒரு பக்கத்து ஆளிடம் கொடுத்தால் பகிர்வு அங்கேயே முடிந்துவிட்டது. மற்றவருக்கு மிஞ்சுவது மேடை நாற்காலி மட்டும். அவருக்கு அது வேட்புமனு நாளன்றுதான் உறைக்கும்.

சரி, இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று எழுதினால் போதுமா? தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 2017 செப்டம்பரில் அப்படித்தான் செய்தது. ஓ. பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், எடப்பாடி பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர். சின்னம் ஒதுக்க இருவரின் கையெழுத்தும் வேண்டும். 2022இல் இருவரும் முறைத்துக்கொண்டபோது, உள்ளாட்சி இடைத்தேர்தலில் நின்ற அந்தக் கட்சிக்காரர்களுக்கு இரட்டை இலையே கிடைக்கவில்லை. அந்த ஜூலையில் இரட்டைத் தலைமை கலைக்கப்பட்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு கையெழுத்து கேட்பது பிழையில்லை. ஒருவர் மறுத்தால் எத்தனை நாளுக்குள், எந்தக் குழு, எத்தனை வாக்கில் முடிவெடுக்கும் என்ற ஒரு வரி கட்சி யாப்பில் இல்லாததுதான் பிழை. அந்த வரியை நல்லுறவு இருக்கும்போதே எழுத வேண்டும். முறைத்துக்கொண்ட பிறகு யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். இங்கே கட்சியின் அடிமரம் தொழிற்சங்கம். “நீங்க கட்சியைப் பாருங்க, நான் சங்கத்தைப் பார்க்கிறேன்” என்று இருவர் பிரித்துக்கொள்வது சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுகிறார்கள் என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினால், அது கட்சி விஷயமா, சங்க விஷயமா? தோட்டத் தலைவர் ஒருவருக்கு கோல் எடுப்பார், மாதர் சங்கத் தலைவி மற்றவருக்கு எடுப்பார். ஒருவர் “பேசிக்கிட்டிருக்கோம், நாளைக்கு வேலைக்கு இறங்குங்க” என்பார். மற்றவர் “எழுத்துல தரும்வரைக்கும் இறங்க வேண்டாம்” என்பார். இரண்டு பேச்சும் ஒரு மணித்தியாலத்துக்குள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காதுக்கும் போய்விடும். அவர் தனக்கு வசதியான தலைவரோடு மட்டும் பேசுவார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சம்பளம் வெட்டுப்படுவது மலையில் நிற்கிறவர்களுக்கு. தோட்டப் பிணக்கு என்றால் முதல் தொலைபேசி யாருக்கு, நிர்வாகத்தோடு பேசுவது யார், அந்தப் பேச்சு முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பது யார் என்பதெல்லாம் தோட்டக் கமிட்டிவரை தெரிந்திருக்க வேண்டும். சந்தாப் பணத்தின் கணக்கும் அப்படித்தான்: ஒருவர் செலவழித்தால் மற்றவர் பார்க்கும் உரிமை வேண்டும்.

போகும் இடத்தைப் பற்றி ஒத்துப்போகாமல் தலைமையை மட்டும் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பாடம் உண்டு. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம், இ.தொ.கா.வின் சௌமியமூர்த்தி தொண்டமான் மூவரும் கூட்டுத் தலைவர்கள். 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது இ.தொ.கா. அதில் சேரவில்லை. குடியுரிமைக்கும் சம்பளத்துக்கும் போராடிக்கொண்டிருந்த தோட்ட மக்களுக்கு அந்தத் தீர்மானத்தில் இடமில்லை என்பது தொண்டமானின் நிலை. யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. மூன்று பேரின் மக்களுக்கும் அவசரம் வேறு வேறாக இருந்தது. அடுத்த ஆண்டு பொன்னம்பலமும் செல்வநாயகமும் சில வார இடைவெளியில் காலமானார்கள். தொண்டமான் சேவல் சின்னத்தில் நின்று பாராளுமன்றம் போய், 1978இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதற்கும் முன்னால், 1956இல், அஸீஸ் இ.தொ.கா.விலிருந்து பிரிந்து ஜனநாயக தொழிலாளர் காங்கிரஸை அமைத்ததும் ஒரே அமைப்பில் இரண்டு பெரிய தலைமைகள் இருந்த கதைதான்.

பிரதேச சபைகளில் “முதல் ரெண்டு வருஷம் நீங்க, அடுத்த ரெண்டு வருஷம் நாங்க” என்ற வாய்ப்பேச்சை நம்பவே வேண்டாம். தவிசாளர் தானாக விலகினால் ஒழிய, அந்த உடன்பாட்டுக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

பெண்களை இணைத் தலைமையில் வைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள், சந்தாவும் அவர்கள் சம்பளத்திலிருந்து போகிறது. அவர்களில் ஒருவரை மாதர் அணிக்குத் தலைவியாக்கி, நிறைவேற்றுக் குழு கூடும்போது அழைக்காமல் விடுவது பகிர்வாகாது. எனக்கு இதில் கோபமே உண்டு. நியூசிலாந்துப் பசுமைக் கட்சியில் 1995இலிருந்து இரண்டு இணைத் தலைவர்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது விதி. பேச்சுவார்த்தை மேசையிலும் அவருக்கு இடம் உண்டு.

அதே கட்சியில் 2017 ஓகஸ்டில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, மெற்றிரியா டூரெய் விலகினார். மற்ற இணைத் தலைவர் ஜேம்ஸ் ஷோ தனியாகத் தேர்தலைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கட்சிக் கிளைகளின் பிரதிநிதிகள் வாக்களித்து மாராமா டேவிட்சனைத் தெரிவுசெய்தார்கள். நம் யாப்புகளில் எழுத வேண்டியது இதுதான்: ஒருவர் விலகினாலோ காலமானாலோ மற்றவர் எவ்வளவு காலம் தனியாக நடத்தலாம், அந்தக் காலியிடத்துக்கு வாக்களிப்பது மத்திய குழுவா, தோட்டக் கமிட்டிகளா, அப்புறம் அந்த இடைவெளியில் வேட்புமனுவில் கையெழுத்திடுவது யார்.