கூத்துப் பாட்டுப் பதிவில் ஈக்யூவைப் பொருத்தும்போது நேரும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கூத்தைப் பதிவு செய்பவர்களுக்கு இந்த வேலை அடிக்கடி வரும். பாலக்கோட்டுத் திடலில் இரவு பதிவான பாட்டில் நாலு வரி கெட்டுப்போயிருக்கும். அதே பாடகரை ஓர் அறையில் பாடவைத்து, அந்த வரிகளை ஒட்ட வேண்டும். ஒட்டு காதில் படக்கூடாது.

பலரும் முதலில் செய்வது, திடல் டிராக்கின் ஈக்யூவை (எந்த அதிர்வெண்ணை ஏற்றுவது, எதைக் குறைப்பது என்ற அமைப்பை) அப்படியே காப்பி எடுத்து அறை டிராக்கில் போடுவது. எண்கள் ஒன்றாகிவிடும், ஒலி ஒன்றாகாது. திடலில் மைக் தலைக்கு மேலே தொங்கும். அறையில் வாய்க்கு 10 செ.மீ. தூரத்தில் இருக்கும். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும்) மைக்கில் வாய் நெருங்க நெருங்க பேஸ் கனக்கும். திடல் குரல் மெலிந்திருக்கிறதென்று 150 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றியிருப்பீர்கள். அதே ஏற்றம் அறைக் குரலில் விழுந்தால் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். முடிந்தால் அதே மைக்கை, திடலில் இருந்த தூரத்திலேயே வைத்துப் பதிவு செய்யுங்கள். சுவர்களில் கனத்த போர்வை தொங்கட்டும், ஏனென்றால் அறையின் எதிரொலியை எந்த ஈக்யூவாலும் எடுக்க முடியாது. அதன் பிறகும் கனம் மிஞ்சினால் 150 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் 2, 3 டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் போதும்.

சுருதியை மறப்பது அடுத்த தவறு. 1 கட்டையில் (C சுருதி) ஆண் குரலின் மேல் ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். அங்கே குரல் முட்டுகிறதென்று குறுகலாக வெட்டிய ஈக்யூவை 2 கட்டைப் (D சுருதி) பாட்டில் போட்டால், வெட்டு கைசிகி நிஷாதத்தில் விழும். அந்த ஸ்வரம் மட்டும் அமுங்கும். முட்டல் அறையால் வருகிறதா, குரலால் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அறையால் வருவது எந்தப் பாட்டிலும், யார் பாடினாலும் அதே ஹெர்ட்ஸில் நிற்கும். அந்த வெட்டை மட்டும் அதே அறையில் பதிவான மற்ற டிராக்குகளுக்குத் தைரியமாகக் காப்பி செய்யலாம்.

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவதும் கெடுக்கும். சற்றுச் சத்தமாக இருப்பதுதான் காதுக்கு நல்லதாகத் தெரியும். இரண்டு டிராக்கிலும் பாடும் பகுதியை மட்டும் தேர்ந்து லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவு பார்த்து, 1 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் வைத்தபின் கேளுங்கள். ஈக்யூவில் ஏற்றினால் அதன் அவுட்புட்டைக் குறையுங்கள். பின்னால் கம்ப்ரசர் (சத்தம் மிகும்போது தானாகத் தணிக்கும் கருவி) இருந்தால் இது இன்னும் அவசியம். ஏற்றிய பேஸ் கம்ப்ரசரைக் கூடுதலாக இழுத்து, குரலையே தணித்துவிடும்.

ஒரு டிராக்கின் ஒலியைப் பார்த்து மற்றதற்கு ஈக்யூவைத் தானாகப் பொருத்தும் மேட்ச் ஈக்யூ வசதி, லாஜிக் புரோ பதிவு மென்பொருளில் கூடவே வருகிறது. ரீப்பர் மென்பொருளின் ரியாஈக்யூவில் கிடையாது. மேட்ச் ஈக்யூவை முழுதாக நம்பினால் வம்புதான். திடலில் குரல் மைக்குக்குள் பம்பையும் முகவீணையும் புகுந்திருக்கும். மென்பொருள் அதையும் குரலாகவே கணக்கெடுக்கும். தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் 15, 20 நொடி எடுத்து அதை மாதிரியாகக் கொடுங்கள். அறையிலும் அதே விருத்தத்தை அதே சுருதியில் பாடவைத்து ஒப்பிடுங்கள். அப்ளை அளவு 50 சதவீதம் போதும். ஸ்மூதிங்கைக் கூட்டினால் ஊசி ஊசியான மேடுகள் மறையும்.

பம்பைக்கு இரண்டு மைக் வைத்திருந்தால் விஷயம் தலைகீழ். அங்கே இரண்டு டிராக்குக்கும் ஒரே ஈக்யூதான் வேண்டும். ஒன்றில் மட்டும் ஹை-பாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி) போட்டால் ஃபேஸ் (ஒலி அலையின் ஏற்ற இறக்க நேரம்) நகர்ந்து, இரண்டும் சேரும்போது பம்பையின் அடிச்சத்தம் கரைந்துவிடும். இரண்டையும் ஒரு பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் சேரும் பொது வழிக்கு) அனுப்பி, ஈக்யூவைப் பஸ்ஸில் போடுங்கள். காப்பி செய்த ஈக்யூக்களில் ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. பஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை.

வேறு ஈக்யூ பிளக்-இன்னுக்கு (பதிவு மென்பொருளில் சேர்க்கும் கருவிக்கு) எண்களை எழுதி மாற்றுவதையும் விட்டுவிடுங்கள். ஒரே க்யூ (வளைவு எவ்வளவு குறுகல் என்று சொல்லும் எண்) மதிப்புக்கு ஒவ்வொரு பிளக்-இன்னும் ஒவ்வொரு அகலத்தில் வளைவு போடும்.