மொட்டை மாடிக்குக் கீழே 2 டன்னா?

போன வாரம் ஒரு வீட்டில் ஏசி மாட்ட அளவெடுக்கப் போயிருந்தோம். புதிதாகச் சேர்ந்த பையன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "மேல மொட்டை மாடியா சார்? அப்போ 2 டன் போட்டுடலாம்" என்றுவிட்டான். டேப் அவன் பையிலேயே கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன்னால் இதையே, இதே தைரியத்தோடு சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஸ்டார் பாருங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள் என்பதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். ஏசி ஓடியும் கட்டிலில் குளிர், மேஜையில் புழுக்கம் என்று இருக்கிறதே, அதற்குக் காரணமான தவறுகளை மட்டும் பார்ப்போம்.

டன்னைக் கூட்டுவது

சென்னையில் ஒரு வீடு. 10க்கு 12 அடி அறை, மேலே மொட்டை மாடி, மேற்குச் சுவர். கத்திரி வெயிலில் 2 டன் மாட்டினேன். அந்த வாரம் முழுக்கப் பாராட்டு. ஆவணியில் போன் வந்தது: "தம்பி, சில்லுனுதான் இருக்கு. ஆனா உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கே, தலகாணி உறைகூட ஈரமா இருக்கு."

கேஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்னொரு நாள் போய்க் காயிலை (உள்ளே குளிர்கிற குழாய்ச்சுருள்) கழுவினேன், பலனில்லை. மூன்றாம் முறை ராத்திரியில் போய் உட்கார்ந்தேன். போட்ட ஐந்தாவது நிமிஷம் 24 டிகிரி வந்து கம்ப்ரஸர் கட் ஆஃப். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது, மறுபடி கட் ஆஃப். டிரெயின் பைப்புக்குக் கீழே வைத்த பக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சேரவில்லை.

அங்கேதான் உறைத்தது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரிதான் காயிலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதற்குக் கம்ப்ரஸர் நின்று நிதானமாக ஓடவேண்டும். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். அதுபோல் இரண்டு மடங்கை ஒரு சின்ன அறையில் வைத்தால் குளிர் சட்டென்று வந்துவிடும், ஈரம் போவதற்குள் மெஷின் நின்றுவிடும். அப்போதும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருப்பதால் காயிலில் ஒட்டிய ஈரம் அறைக்கே திரும்பி வரும்.

சரி, வெயில் காலத்துக்காவது 2 டன் உதவியதா? அதுவும் அரைகுறைதான். அந்த வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டில்மேல் ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் நடுராத்திரிவரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். காற்று 24ல் இருந்தாலும் முகத்தில் அனல். அதனால் 18க்கு இறக்குவார்கள், கால் விறைக்கும், பில் எகிறும். அனல் தளத்திலிருந்து வருகிறது. டன்னைக் கூட்டினால் தளம் ஆறிவிடுமா?

கடைசியில் அந்த 2 டன்னை ஹாலுக்கு மாற்றி, என் கைக்காசில் அந்த அறைக்கு ஒன்றரை டன் போட்டேன். மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். அடுத்த ஆவணியில் போய்ப் பார்த்தபோது காலையில் பக்கெட் முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

"இப்பதான் இன்வெர்ட்டர் ஏசி வந்துடுச்சே, கம்ப்ரஸர் வேகத்தைத் தானா குறைச்சுக்குமே" என்கிறார்கள். குறைத்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு. அதற்கும் கீழே போனால் அதுவும் கட் ஆஃப்தான்.

எங்கள் கைக்கணக்கு இது: 120 சதுர அடிவரை 1 டன். மேலே வெயில் தளமோ மேற்குச் சுவரோ இருந்தால் ஒன்றரை. முதலில் மாடிக்குப் பெயின்ட் அடியுங்கள், பிறகு டன் பேசலாம்.

இன்டோர் யூனிட்டை இடம் இருக்கிற இடத்தில் மாட்டுவது

காற்று அறையின் நீளவாட்டில் ஓடவேண்டும். தலைமாட்டுக்கு மேலே மாட்டினால் குளிர் எதிர்ச்சுவருக்குப் போய்விடும், படுத்திருப்பவருக்குப் புழுக்கம். கால்மாட்டுக்கு எதிரே மாட்டினால் முகத்தில் அறையும். பக்கச் சுவர்தான் பெரும்பாலும் சரி. பைப் நீளம் இரண்டு அடி குறைகிறது என்பதற்காகக் கதவுக்கு மேலே மாட்டச் சொல்லும் ஆளிடம் சரியென்று தலையாட்டாதீர்கள். அலமாரி உச்சி காற்றை மறிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹால் ஏசியே பெட்ரூமுக்கும் போதும்

போதாது.

அவுட்டோர் யூனிட்டை டக்டுக்குள் (கட்டிடத்தின் குறுகிய காற்றுச் சந்து) திணிப்பது

தான் விட்ட சூட்டையே தான் இழுக்கும். மே மாசம் மத்தியானம் டிரிப் ஆகும். அப்போது எனக்குப் போன் வரும்.

ஹாட் அண்ட் கோல்ட் (சூடும் தரும்) மாடல்

ஊட்டி, கொடைக்கானல் என்றால் வாங்கலாம். சென்னையில் மார்கழிக்குப் போர்வை இருக்கிறது.