நாடகம் படிக்கப் போகிறீர்களா? அதற்கு முன் இதைச் செய்யுங்கள்

நாடகத்தை முறையாகப் படிக்க நமக்குப் பக்கத்திலேயே இருப்பது புதுவைப் பல்கலைக்கழகம். காலாப்பட்டில் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி முன்னின்று வளர்த்த, தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கிய நாடகப் பள்ளிதான் இன்று நிகழ்கலைத் துறையாக இருக்கிறது. முதுகலை இரண்டு வருடம். சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

டெல்லிக்குப் போக ஆசை என்றால் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி. மூன்று வருடப் பட்டயம். அங்கே பட்டம் மட்டும் போதாது, ஏற்கெனவே நாடகங்களில் பங்கெடுத்ததற்குச் சான்றும் கேட்பார்கள். அதனால் கல்லூரி நாடகமோ தெருமுனை நாடகமோ, அழைப்பிதழ், புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நடிப்புத் தேர்வுக்கு சினிமா வசனம் வேண்டாம், தயவுசெய்து. அதை யார் எப்படிப் பேசினார் என்பது எல்லோர் காதிலும் இருக்கிறது, நீங்கள் அவரைப் போலத்தான் பேசுவீர்கள். ஒரு நாடகத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடப் பேச்சை எடுத்து, நடந்துகொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டு, கிசுகிசுத்து என்று எப்படிச் சொன்னாலும் வரி தப்பாத அளவுக்குப் பழகுங்கள். தேர்வாளர் பாதியில் நிறுத்தி ‘இதையே கோபம் இல்லாமல் சொல்’ என்றால் தடுமாறக் கூடாது.

அப்புறம், தெருக்கூத்து பாருங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் மாதங்களில், திருவண்ணாமலை மாவட்டம் புரிசை மாதிரி ஊர்க் குழு ஆடும் இடத்தை விசாரித்துக்கொண்டு போய், விடிய விடிய உட்காருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, வேஷக்காரர் அதன் பின்னால் நின்றே பாடுவார், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வெளியிலிருந்து ‘யார் வந்திருப்பது’ என்று கேட்பான், திரை விலகியதும் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் சுமந்தபடி சுழன்று ஆடிவிட்டு உடனே பாட்டைப் பிடிப்பார். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள், குரல் பயிற்சி வகுப்பு பாதி அங்கேயே புரிந்துவிடும். நாடக ஆசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் புரிசைக் கூத்தைப் பார்த்த அனுபவம் இருக்கிறது.

நடிக்க மட்டும்தான் வருவேன் என்று வராதீர்கள். ஒளி, அரங்க அமைப்பு, ஒப்பனை, உடை, நெறியாள்கை (நாடகத்தை இயக்குவது) எல்லாம் பாடம்தான். முதல் தயாரிப்பில் உங்களுக்கு வேஷமே கிடைக்காமல் லைட்டுக்கு ஏணி பிடிக்கச் சொல்லலாம். முழு மனதோடு பிடியுங்கள், அங்கே நின்று பார்க்கும்போதுதான் நடிகர் எங்கே நின்றால் முகம் இருட்டாகிறது என்று தெரியவரும்.