பழைய பாலிசியில் பயனாளி பெயரைச் சரிசெய்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான்: கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆயுள் காப்பீட்டில் பயனாளியாக, அதாவது நாம் இறந்தால் பணம் பெறுபவராக, அப்பா பெயரே நிற்கும். என் பாலிசியிலும் அப்படித்தான், அப்பா காலமாகிவிட்டார். உயிரோடு பயனாளி இல்லையென்றால் பணம் இறந்தவரின் சொத்துக் கணக்கில் சேரும். அங்கே அந்தச் சொத்தைத் தீர்த்துப் பிரித்துக் கொடுக்கும் நிர்வாகிக்குக் கட்டணம் 3.5 சதவீதம் வரை. 10 லட்சம் ராண்டுக்கு 35,000. நிர்வாகி வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு பெற்றவர் என்றால் 15 சதவீத வாட் இன்னும் 5,250. கணக்கு முடியும்வரை குடும்பம் காத்திருக்க வேண்டும்.

பயனாளி மாற்றப் படிவம் வாங்கி, முழுப் பெயர், 13 இலக்க அடையாள எண், பங்கு சதவீதம் எழுதினேன். வெறும் "மனைவி" என்று எழுதாதீர்கள், பிறகு அதுவே வழக்காகும். கூட்டுத்தொகை சரியாக 100 வரணும். 18 வயது ஆகாத பிள்ளையை நேரடியாகப் போடாமல், உயிலில் டிரஸ்ட் அமைப்பது நல்லது. மாற்றம் பதிவானதற்கு எழுத்தில் உறுதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையிட ஓய்வூதிய நிதிக்குப் படிவம் தனி. அங்கே நாம் எழுதும் பெயர், நிதியை நடத்தும் அறங்காவலர்களைக் கட்டுப்படுத்தாது. யார் நம்மை நம்பி வாழ்ந்தார்கள் என்று விசாரித்தே பிரிப்பார்கள். அதனால் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தின் வங்கிச் சீட்டுகளையும் அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.