மேடும் பள்ளமுமான மைதானத்தில் கோல்ஃப்: ஓர் இடக்கைக்காரனின் கணக்கு

நான் இடக்கைக்காரன். கோல்ஃபில் யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் மனசுக்குள் கண்ணாடி மாதிரி திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொள்வேன். "பந்து காலைவிட மேலே கிடந்தால் இடப்பக்கம் போகும்" என்பார்கள். எனக்கு அது வலப்பக்கம். சமதரையில் இந்தக் குழப்பத்தோடு எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். ஆனால் மேடும் பள்ளமுமான பொது மைதானத்தில் அடிக்கு அடி தரையின் சாய்வு மாறும். திருப்பிப் பார்த்து முடிப்பதற்குள் பின்னால் வரும் குழு இடுப்பில் கைவைத்து நிற்கும்.

அதனால் இடம், வலம் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது ஒரே கணக்குதான்: குறுக்குச் சரிவில் நின்று அடிக்கும்போது, அங்கே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுமோ, பந்தும் அந்தப் பக்கம்தான் வளையும். எந்தக் கைக்காரருக்கும் இது பொருந்தும். குறியை மேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

பந்து கால்மட்டத்துக்கு மேலே இருந்தால், உயர்ந்த அளவுக்கு மட்டையை இறக்கிப் பிடித்து, சற்று நிமிர்ந்து நில்லுங்கள். வெட்ஜ் மாதிரி முகம் நன்றாகச் சாய்ந்த மட்டையில் வளைவு இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பந்து கீழே இருந்தால் பிடியின் நுனிவரை கை போகட்டும். முழங்காலை மடக்கி, அடித்து முடிக்கும்வரை அந்த மடக்கைக் காப்பாற்றுங்கள். நடுவில் நிமிர்ந்தால் பந்தின் உச்சந்தலையில்தான் அடி விழும். இரண்டிலுமே முக்கால் வீச்சு போதும். முழு வீச்சுக்குக் கால் நிலைக்காது.

ஏற்றத்தை நோக்கி அடிக்கும்போது தோளும் சரிவோடு சாய வேண்டும். பந்து உயரமாகக் கிளம்பிச் சீக்கிரமே விழும். எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுக்கும் இடத்தில், அதைவிடத் தூரம் போகும் ஏழாம் நம்பரை எடுங்கள். இறக்கம்தான் ஆளைப் படுத்தும். பந்து தாழ்வாகப் போய் நிறைய உருளும் என்பதால் தூரம் குறைவாகப் போகும் மட்டையை எடுக்க வேண்டும், அது சுலபம். உடம்பைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று தோள் தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் மட்டை முதலில் மண்ணைத்தான் கொத்தும். எடையை முன்காலில் வைத்து, சரிவைத் தொடர்ந்து கீழ்நோக்கியே வீசுங்கள். அடிப்பதற்கு முன் பக்கத்தில் இரண்டு ஒத்திகை வீச்சு போட்டு, மட்டை புல்லை எங்கே உரசுகிறது என்று பாருங்கள். இறக்கத்தில் அது மேட்டுப் பக்கக் காலை ஒட்டியே இருக்கும். அந்த இடத்துக்கு நேராகப் பந்து வரும்படி நில்லுங்கள்.

தூரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: குழி இருக்கும் புல்தரையான கிரீன் 10 கெஜம், அதாவது 30 அடி உயரத்தில் இருந்தால் தூரத்தோடு 10 கெஜத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், தாழ்வில் இருந்தால் கழியுங்கள். பள்ளத்தை நோக்கி அடிக்கும் பந்து காற்றில் அதிக நேரம் இருக்கும் என்பதால் காற்று சொல்வதையும் அது அதிகமாகக் கேட்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அடுத்த அடிக்குக் காலை எங்கே ஊன்றப் போகிறோம் என்று முதல் அடி அடிக்கும் இடமான டீயிலேயே யோசிப்பது. கிரீன்வரை போகும் வெட்டிய புல்வழியான ஃபேர்வேயில் எங்காவது திண்ணை மாதிரி ஒரு சமதளம் இருக்கும். நீளமான மட்டையான டிரைவரில் 220 கெஜம் போய் இறக்கத்தில் நிற்பதைவிட, அதைவிடச் சின்ன மட்டையான ஹைப்ரிடில் 180 போய்த் திண்ணையில் நிற்பது எனக்கு எப்போதும் லாபம். பள்ளத்துக்கு உருளட்டுமே என்று விட்டால் இன்னொரு தொல்லை: எல்லாருடைய பந்தும் அங்கேதான் சேரும், எல்லாரும் அங்கேயிருந்துதான் அடித்திருப்பார்கள். பொது மைதானத்தில் அந்த இடம் கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். புல் பெயர்ந்த குழியில் பந்து கிடந்தாலும் விதிப்படி சலுகை கிடையாது, அப்படியே அடிக்க வேண்டியதுதான்.

சரிவில் பந்தை டிராப் செய்ய, அதாவது விதிப்படி கையிலிருந்து கீழே விட நேர்ந்தால் பதறாதீர்கள். 2019-க்குப் பிறகு முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். உருண்டு, பந்தை விட விதி அனுமதிக்கும் பகுதிக்கு வெளியே போனால் இன்னொரு முறை. மறுபடியும் போனால், இரண்டாவது தடவை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வைத்துவிடலாம். மேட்டுக்கு அப்பால் விழும் பந்துக்கு, அது போன திசையில் தெரியும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ மனசில் குறித்துக்கொண்டு நடங்கள். தேட 3 நிமிடம்தான். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் மட்டும் அடிக்காதீர்கள்.

அப்புறம், மட்டைப் பையை வைத்துத் தள்ளும் டிராலி. ஒருநாள் கிரீனுக்குப் பக்கத்தில் அதை அவசரமாக நிறுத்திவிட்டுப் போய், பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையான பட்டரோடு குனிந்தேன். கடகடவென்று சத்தம். நிமிர்ந்தபோது என் மற்ற பதின்மூன்று மட்டைகளும் சரிவில் ஓடிக்கொண்டிருந்தன. மணல் பள்ளமான பங்கரில் டிராலி போய்க் குப்புற விழுந்தது. மண்ணைத் தட்டியதும் அடித் தடத்தைச் சமப்படுத்தியதும் போக, அந்தக் குழிக்கு நான் எத்தனை அடி அடித்தேன் என்பதே மறந்துவிட்டது. பிரேக்கைப் பூட்டுங்கள், சக்கரத்தைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வையுங்கள்.

ஏறி வந்த மூச்சோடு பட்டரை எடுத்துப் புட் செய்யாதீர்கள். குழிக்குத் தாழ்வான பக்கம் போய் உட்கார்ந்து சாய்வைப் பாருங்கள், மூச்சும் அடங்கும். கிரீன்மேல் நின்று பார்த்தால் கண் ஏமாற்றும். தூரத்திலிருந்து நடந்து வரும்போதே மொத்த நிலமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிடுங்கள். இறக்கத்தில் புட் செய்யும்போது பந்து மெதுவாகப் போவதால் சாய்வு அதை அதிகம் இழுக்கும். ஆகவே முந்தைய அடியிலேயே குழிக்குக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. மேலே மாட்டிக்கொண்டால் கொடியை எடுக்காமலே புட் செய்யுங்கள், 2019 முதல் அதற்கு அனுமதி உண்டு.

மேட்டுக் கிரீனுக்குப் பக்கத்திலிருந்து சிப், அதாவது சின்ன அடி அடிக்கும்போது தயங்கவே கூடாது. போன மாதம் நான் தயங்கினேன். பந்து விளிம்புவரை ஏறியது, ஒரு கணம் நின்றது, அப்புறம் வந்த வழியே உருண்டு என்னைத் தாண்டிப் போய் டிராலிச் சக்கரத்தில் முட்டி நின்றது. பழைய விதிப்படி அதற்கு ஓர் அடி அபராதம். இப்போது, வேண்டுமென்றே அங்கே நிறுத்தாத வரைக்கும், ஒன்றும் இல்லை. பங்கருக்கு ஓடிய அதே டிராலிதான். இந்த முறை பிரேக் போட்டிருந்தேன்.