ஒரு காடு காணாமல் போன கதை: உலகச் சுற்றுச்சூழல் மாற்றம் படிக்க வருபவர்களுக்கு

முதுகலைப் புவியியலில் இந்தப் பாடத்தை எடுத்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழு) அறிக்கையைப் பதிவிறக்கி ஒன்றாம் பக்கத்திலிருந்து படிக்க உட்காருவது. நானும் உட்கார்ந்தேன். நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதை அகராதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது புரட்டினால் போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: அதில் 'லைக்லி' என்று வந்தால் 66 சதவீத வாய்ப்பாவது உண்டு என்று பொருள், 'வெரி லைக்லி' என்றால் 90. நீங்கள் பாட்டுக்கு இரண்டையும் 'நடக்கலாம்' என்று எழுதிவிட்டால் அறிக்கை சொன்னது ஒன்று, நீங்கள் சொல்வது வேறொன்று.

அறிக்கைக்குப் பதிலாக ஒரே ஒரு தரவுத் தொடரை எடுத்து ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்துங்கள். நான் சொல்வது மௌனா லோவா. ஹவாயில் ஓர் எரிமலைச் சரிவில் 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு அது. அன்று சுமார் 315 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு), இப்போது 420-ஐத் தாண்டியாகிவிட்டது. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், மாதவாரி எண்களை இறக்கி எக்செல்லில் நீங்களே வரையுங்கள். ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்கும். மே மாதம் உச்சி, செப்டம்பர் வாக்கில் பள்ளம். வட அரைக்கோளத்தில்தான் நிலமும் காடும் அதிகம். அங்கே கோடையில் செடிகொடிகள் இழுத்துக்கொள்வதுதான் அந்தப் பள்ளம். 2022 கடைசியில் எரிமலை வெடித்து மின்சாரம் போனதால் அளவீட்டைப் பக்கத்து மலையான மௌனா கீயாவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு தரவுக்கும் இப்படி ஒரு பூர்வீகம் இருக்கும். அதைக் கேட்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

அடுத்தது சராசரி. இஆர்ஏ5 போன்ற கட்டத் தரவில், அதாவது பூமியை அட்ச, தீர்க்க ரேகைகளால் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தரும் வானிலைத் தரவில், உலகச் சராசரி வெப்பநிலை எடுக்கும்போது எல்லாக் கட்டங்களையும் கூட்டி வகுத்துவிடத்தான் கை துடிக்கும். 60 பாகை அட்சரேகையில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். அட்சரேகையின் கோசைன் மதிப்பால் எடை போடாவிட்டால் துருவங்கள் உங்கள் சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆய்வேட்டுத் தலைப்பில் பேராசை வேண்டாம். 'காலநிலை மாற்றமும் காடுகளும்' தலைப்பே அல்ல. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி, ஒரு காலம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். கைடு முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

இனி என் காட்டுக்கு வருகிறேன். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம் என்பதால் எல்லோரும் அங்கேதான் போவோம். 2005-க்கு லேண்ட்சாட் 5, 2015-க்கு லேண்ட்சாட் 8 எடுத்தேன். இரண்டுக்கும் ஒரே சூத்திரம்: நான்காவது பேண்டிலிருந்து (பேண்ட் என்பது ஒளியின் ஒரு பகுதியை மட்டும் பதிவு செய்த அடுக்கு; லேண்ட்சாட் 5-இல் நான்காவது அகச்சிவப்பு, மூன்றாவது சிவப்பு) மூன்றாவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ, அதாவது செடிகொடிகளின் பசுமையைக் காட்டும் குறியீடு. முதல் படத்தில் பச்சைப்பசேல். இரண்டாவதில் அடர்காட்டின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே. பத்து வருடத்தில் மொத்தக் காடும் போச்சு என்று இரண்டு பக்கம் ஆவேசமாக எழுதியும் முடித்தேன். உண்மையில் லேண்ட்சாட் 8-இல் அகச்சிவப்பு ஐந்தாவது பேண்ட், சிவப்பு நான்காவது. நான் சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்திருக்கிறேன். காடு அங்கேயேதான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்தப் படத்தைத் திறந்தாலும் ஆழமான ஏரி ஒன்று, அடர்காடு ஒன்று, வெறும் மணல் ஒன்று என மூன்று இடங்களில் புள்ளி வைத்து என்டிவிஐ பார்ப்பேன். ஏரி பூஜ்யத்துக்குக் கீழே, மணல் பூஜ்யத்தை ஒட்டி மேலே, காடு அதற்கும் வெகு மேலே இருக்க வேண்டும். வரிசை கலைந்திருந்தால் வேர்டு கோப்பைத் திறக்கவே மாட்டேன், நேராக பேண்ட் அட்டவணைக்குப் போய்விடுவேன்.