டைல்ஸ் ஒட்டும் முன் சுவரைத் தயார் செய்வது எப்படி?

டைல்ஸ் ஒட்டிவிட்டால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். குளியலறைச் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், பெயிண்ட் உப்பி உதிர ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டைல்ஸ் தண்ணீரை விடாது, சரி. ஆனால் நடுவில் அடைக்கிற சிமெண்ட் கிரவுட் உறிஞ்சும். தினமும் நனைகிற இடத்தில் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரின் சிமெண்ட் பூச்சுக்குள் இறங்கிவிடும். அதனால் தண்ணீரைத் தடுக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு டைல்ஸுக்குப் பின்னால், சுவரிலேயே இருக்க வேண்டும்.

1. சுவரைச் சோதியுங்கள்

சுத்தியலின் கைப்பிடியால் சுவர் முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெறுமையாகச் சத்தம் வந்தால் அங்கே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் பழைய பெயிண்டோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

சுவருக்குள் ஏற்கெனவே ஓதம் இருக்கிறதா என்று சந்தேகமா? ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

2. சுரண்டி, கழுவி, சமன் செய்யுங்கள்

பெயிண்ட், சுண்ணாம்பு, பட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி போகத் துடைத்துவிடுங்கள். தூசி மேல் எதைப் பூசினாலும் அது தூசியோடுதான் ஒட்டும், சுவரோடு ஒட்டாது.

சுவருக்குள் குழாய் போகிறது என்றால், அதற்காக வெட்டிய காடியை மூடும் முன்பே அழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். பிறகு 2 மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் அந்தப் பள்ளத்தை இப்போதே கலவையால் நிரப்புங்கள். புதிதாகப் பூசிய சிமெண்ட் பூச்சை முதல் ஒரு வாரம் நனைத்து வையுங்கள். 28 நாள் காத்திருக்க முடிந்தால் மிகவும் நல்லது.

3. மூலைகள்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். என் வீட்டில் கசிந்ததும் ஒரு மூலையில்தான். சுவரும் தரையும் தனித்தனியாக அசைகிறவை. வெப்பத்தில் விரிந்து, குளிரில் சுருங்கி, அவை சேரும் கோட்டில்தான் முதல் விரிசல் விழும். அங்கே வெறும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு மட்டும் இருந்தால் அதுவும் கூடவே கிழிந்துவிடும்.

அதனால் மூலையில் கொஞ்சம் சிமெண்ட் கலவை வைத்து, செங்குத்தான மடிப்பை வளைவாக மாற்றுங்கள். அது காய்ந்ததும் வாட்டர்ப்ரூஃப் கலவையை (கலக்கும் முறை அடுத்த பகுதியில்) ஒரு கை பூசி, ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலைப் பட்டையை அதில் பதித்து, மேலே இன்னொரு கை பூசுங்கள். சுவரும் சுவரும் சேரும் மூலை, குழாய் வெளியே வரும் இடம், தரையில் தண்ணீர் போகும் வாய் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

4. வாட்டர்ப்ரூஃப் பூச்சு

ஆரம்பிப்பவர்களுக்குப் பொடியும் திரவமுமாகச் சேர்ந்து வரும் சிமெண்ட் வகைப் பூச்சே வசதி. டைல்ஸ் பசையும் அதில் நன்றாகப் பிடிக்கும். வாளியில் முதலில் திரவத்தை ஊற்றி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பாக்கெட்டில் உள்ள அளவை மாற்ற வேண்டாம். இளக்கமாக வரட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் பூச்சு பலமிழந்துவிடும். சீக்கிரம் இறுகும் என்பதால் கொஞ்சமாகவே கலக்குங்கள்.

இந்த வகைக்குச் சுவர் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது. முதல் பூச்சை மேலிருந்து கீழாக இழுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவதைப் பக்கவாட்டில் இழுங்கள். முதல் கையில் விட்டுப்போன ஊசித்துளைகள் இரண்டாவதில் அடைபடும்.

ஷவர் இருக்கும் சுவரில் ஷவர் தலைக்கு மேல் வரை பூசுங்கள். மற்ற சுவர்களில் தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் போதும் என்பார்கள். வாளியில் மொண்டு குளிக்கிற வீடு என்றால் எல்லாப் பக்கமும் தெறிக்கும், ஆகவே இடுப்பு உயரத்துக்காவது பூசிவிடுங்கள். தரையையும் விட்டுவிடாதீர்கள்.

5. தண்ணீர் கட்டிப் பாருங்கள்

பாக்கெட்டில் சொன்ன நாள் வரை பூச்சு காய்ந்ததும், தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் சில அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். சுவரில் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளத்திலோ மறுபக்கச் சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ அந்த இடத்தைத் தேடிப்பிடித்து மறுபடி பூசுங்கள். இப்போது செலவு ஒரு டப்பா பூச்சு. டைல்ஸ் ஒட்டிய பிறகு என்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியிருக்கும்.

சமையலறையில்

இங்கே தண்ணீரை விட எண்ணெய்ப் பிசுக்குதான் எதிரி. அடுப்புக்குப் பின்சுவரைச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். வாட்டர்ப்ரூஃப் பூச்சு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னாலும், மேடையும் சுவரும் சேரும் கோட்டிலும் இருந்தால் போதும். ஜிப்சம் பூச்சுள்ள சுவர் என்றால் சிமெண்ட் பசையை நேராகத் தடவாமல், அதற்கான ப்ரைமர் அடித்த பிறகே ஒட்டுங்கள்.

பூச்சு முடிந்த சுவரில் ஆணி அடிக்கவோ துளை போடவோ யாரையும் விடாதீர்கள். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் மூலைகளை மட்டும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான் சீலண்டால் அடையுங்கள். சுவர் அசையும்போது அது கூடவே இழுபடும், கிரவுட் என்றால் உடைந்துவிடும்.